முயலுக்கு ஆகாத மருந்து

1940 மே 25. ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் ஆய்வகத்தில் எட்டு சுண்டெலிகளுக்கு, பிழைக்கவே முடியாத அளவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஏற்றினார்கள். நான்குக்கு மட்டும் பெனிசிலின் போட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் மருந்து கிடைக்காத நான்கும் செத்துக் கிடந்தன. மற்றவை உயிரோடு இருந்தன. அன்று சுண்டெலிக்குப் பதில் கினிப்பன்றியை எடுத்திருந்தால் கதை மாறியிருக்கும். பெனிசிலின் கினிப்பன்றிகளைக் கொல்கிறது என்று 1943இலேயே அமெரிக்காவில் ஆய்வறிக்கை வந்துவிட்டது.

கினிப்பன்றி, முயல், ஹாம்ஸ்டர் போன்றவை வளரும் வீடுகளுக்கு இது பழங்கதை அல்ல. பிள்ளையின் காய்ச்சலுக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலின் சிரப்பை, தும்முகிற முயலுக்கும் இரண்டு சொட்டு ஊற்றுவோம் என்று தோன்றும். முயலின் குடலில் சீக்கம் என்றொரு பெரிய பை இருக்கிறது. தின்ற புல்லை அங்குள்ள நுண்ணுயிரிகள்தான் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. வாய்வழி அமாக்சிசிலின் அந்த நல்ல கூட்டத்தை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்கும். முயல் தீனியை விடும், கழிச்சல் காணும், சில நாட்களில் செத்தும் போகும். கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவையும் இதே ரகம். வேடிக்கை என்னவென்றால், வாய்வழியே எமனாகும் பெனிசிலினையே முயலுக்குத் தோலடி ஊசியாகப் போட்டு மருத்துவர்கள் குணப்படுத்துகிறார்கள். கினிப்பன்றிக்கு அந்தச் சலுகையும் இல்லை.

ஆக, இந்தச் சிற்றுயிர்களுக்குப் பயமில்லாமல் வாயில் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக் பட்டியல் மிகச் சிறியது. அதனால் மருத்துவரின் கை திரும்பத் திரும்ப என்ரோஃப்ளாக்சசினையே தேடிப் போகிறது. முயல், கிளி, ஓணான், ஆமை எதற்கும் அதுதான். இந்த மருந்தின் ஒரு பகுதி விலங்கின் உடலில் சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. நாம் விழுங்கும் அதே சிப்ரோ. கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசினைக் கொடுப்பதால் மனிதரைத் தாக்கும் கேம்பிலோபாக்டர் கிருமிக்கு எதிர்ப்புத்திறன் கூடுகிறது என்று சொல்லி, 2005இல் அமெரிக்கா கோழிப்பண்ணைகளில் இதைத் தடை செய்தது. வீட்டு முயல் விஷயத்தில் அப்படித் தடை தேவை என்று நான் சொல்லமாட்டேன்; பட்டியலே சின்னது, அதிலும் ஒன்றைப் பிடுங்கினால் மருத்துவர் என்ன செய்வார்? ஆனால் எடுத்ததற்கெல்லாம் அதை எழுதித் தருவதை ஏற்க முடியாது.

அப்படிச் செய்தால் என்னவாகும் என்பதற்கு லூசியானா ஆமைப் பண்ணைகள் சாட்சி. குட்டி ஆமைகளைக் கொஞ்சிய குழந்தைகளுக்கு சால்மோனெல்லா தொற்றியதால், ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் நிறுத்தியது. ஏற்றுமதியை நம்பியிருந்த பண்ணைக்காரர்கள் முட்டைகளை ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கரைசலில் முக்கியெடுத்தார்கள். சால்மோனெல்லா குறைந்தது, ஒழியவில்லை. மிஞ்சியவற்றில் ஜென்டாமைசினுக்கு அசையாதவை இருந்தன.

எக்ஸாட்டிக் பிராணிகளைப் பார்க்கும் நல்ல மருத்துவர், சீழையோ சளியையோ கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு மருந்தைத் தேர்வார். 'அவ்வளவு செலவா, ஏதாவது மாத்திரை கொடுங்க டாக்டர்' என்று அவசரப்படுவது பெரும்பாலும் நாம்தான். சரியான மருந்தைத் தேர்ந்தாலும் வேலை முடிவதில்லை. பாம்புக்கு செஃப்டாசிடிம் ஊசி என்றால் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டாலே போதும். உடம்பிலிருந்து அது அவ்வளவு மெதுவாகத்தான் வெளியேறும். ஆனால் கூண்டில் போதிய சூடு இல்லாவிட்டால் பாம்பின் எதிர்ப்புச் சக்தியே மந்தமாகிவிடும், மருந்து மட்டும் என்ன செய்யும்?

பல சமயம் ஆன்டிபயாட்டிக் தேவையே இருக்காது, அல்லது அது மட்டும் போதாது. முயலின் கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தால் முதலில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்வது. உலர்புல் தின்னாமல் பிஸ்கட்டும் பெல்லட்டுமாக வளர்ந்தால் தேய்மானம் குறைந்து, பல்லின் வேர் நீண்டு கண்ணீர்க் குழாயை நெருக்கும். அங்கே சொட்டு மருந்துக்கு வேலை குறைவு. தாடையில் சீழ்க்கட்டி வந்தாலோ, முயலின் சீழ் பற்பசை போலக் கெட்டியானது. மாத்திரை அதற்குள் சரிவர நுழையாது, கட்டியை உறையோடு அறுத்தெடுக்க வேண்டும். ஆமையின் காதுப் பக்கம் புடைத்தாலும் இதே கதை: உள்ளே இருப்பது திரவமல்ல, பாலாடைக்கட்டி மாதிரியான உருண்டை. கீறி எடுத்த பிறகும், வைட்டமின் ஏ குறைந்த தீனியை மாற்றாவிட்டால் அது திரும்ப வரக்கூடும்.