புதுக் கார் ஏன் நடுங்குகிறது?

மாணவர்களே, தோட்டத்துச் சாலையில் அமைதியாக ஓடும் புதுக் கார், ஆயர் கெரோவில் நெடுஞ்சாலை ஏறி மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டியதும் நடுங்கலாம். 'புதுக் கார்தானே, போகப்போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடக் கூடாது.

சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாததே பெரும்பாலும் காரணம். மணிக்கு 110 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 17 முறை சுழலும். அப்போது ரிம்மின் ஓரிடத்தில் 20 கிராம் கூடுதலாக இருந்தாலே, சுமார் 4 கிலோ எடைக்குச் சமமான விசை சக்கரத்தை இழுத்து ஆட்டும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ரிம்மின் உட்புறம் ஒட்டிக் காய்ந்த செம்மண்ணும் இதைச் செய்யும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் மிகுந்தால், அது ஒத்ததிர்வு. சக்கரம் சுழலும் அதிர்வெண்ணும் கார்ப் பாகங்களின் இயல்பு அதிர்வெண்ணும் அங்கே ஒன்றாகின்றன.

ஸ்டீரிங் ஆடினால் முன்சக்கரங்களையும், இருக்கை அதிர்ந்தால் பின்சக்கரங்களையும், பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் தட்டையும் முதலில் சோதிக்க வேண்டும். எந்த வேகத்தில், எங்கே நடுங்கியது எனக் குறித்துவைத்து, உத்தரவாதக் காலத்திலேயே பணிமனையில் சொல்லச் சொல்லுங்கள். எடை குறைந்த பக்கத்தில் சிறு எடைக்கட்டி பொருத்திச் சமன்செய்வார்கள்.

நடுக்கம் திடீரென்று கூடினால், பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தச் சொல்லுங்கள். சக்கரத்தின் நட்டுகள் தளர்ந்திருக்கலாம்.