ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் தங்கம்?

தங்கச் சுரங்கம் என்றதும் பளபளக்கும் பாறைச் சுவர்களே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உண்மை அப்படியல்ல. பாறையிலுள்ள தங்கம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. தமிழர்கள் பல தலைமுறைகளாக உழைத்த கர்நாடகாவின் கோலார் தங்கவயலில் தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. படிப்படியாகக் குறைந்து அது 3 கிராம் அளவுக்கு வந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

அந்தக் கிராம் கணக்கைச் சொல்வது யார்? சுரங்கத்தின் பரிசோதனைக் கூடம்தான். எந்தப் பாறையை வெட்டலாம், எதை விடலாம் என்பது அங்கே கிடைக்கும் எண்ணைப் பொறுத்தது. ஆலையிலிருந்து வெளியேறும் கழிவு மண்ணில் எவ்வளவு தங்கம் வீணாகிறது என்பதும் அங்கேதான் தெரியும்.

வேலை எப்படி நடக்கிறது? வந்த பாறையை உலர்த்தி, உடைத்து, மாவாக அரைக்கிறார்கள். நன்றாகக் கலந்து 30 கிராம் எடுக்கிறார்கள். அதோடு ஈய ஆக்சைடு, அதாவது நாட்டு மருந்துக் கடையில் மிருதாரசிங்கி என்பார்களே அது, வெண்காரம், சோடா உப்பு, கொஞ்சம் கோதுமை மாவு ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். ஆம், சமையலறை மாவுதான்! சூளையில் 1,000 டிகிரிக்கு மேல் உருகும்போது, மாவிலுள்ள கரி ஈய ஆக்சைடை ஈயமாக்குகிறது. துளித்துளியாக இறங்கும் ஈயம் தங்கத்தையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு மூசையின் அடியில் தங்குகிறது.

பிறகு அந்த ஈயக் கட்டியை எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து மறுபடியும் காய்ச்சுகிறார்கள். ஈயம் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் உறிஞ்சப்படுகிறது. கொஞ்சம் புகையாகவும் போகிறது. இந்தப் புகை நஞ்சு. ஆகவே காற்றுப் போக்கியும் ஊழியர்களுக்கு இரத்தப் பரிசோதனையும் அவசியம். எஞ்சிய மணியிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும். மிஞ்சிய தங்கத்தை நிறுக்கிறார்கள். டன்னுக்கு 3 கிராம் என்றால், 30 கிராம் மாவில் கிடைப்பது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இவ்வளவு சிறிய அளவில் ஒரு சிட்டிகைத் தங்கத்தூள் கலந்தால் என்னவாகும்? இந்தோனேசியக் கலிமந்தானின் பூசாங்கில் அதுதான் நடந்தது. கனடாவின் பிரெ-எக்ஸ் நிறுவனத்தின் பாறை மாதிரிகளில், அவை கூடத்தை அடையும் முன்பே தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தது. கூடம் சரியாகத்தான் நிறுத்தது. வந்த மூட்டைதான் பொய். துளைத்தெடுத்த பாறையில் பாதியைச் சான்றாக ஒதுக்கி வைப்பது வழக்கம். அங்கே முழுவதையும் அரைத்துவிட்டார்கள். 1997இல் வேறொரு நிறுவனம் சொந்தமாகத் துளையிட்டுப் பார்த்தது, தங்கம் இல்லை. பங்கு வாங்கிய ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தார்கள். 2001இல் கனடா சுரங்க அறிக்கைகளுக்குக் கடுமையான விதிகளைக் கொண்டு வந்தது.