இரண்டு சிலிண்டர், நடுவே ஒரு குழாய்

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் இரண்டு கட்டக் கம்ப்ரஸர் இருந்தால் உற்றுப் பாருங்கள். பெரிய சிலிண்டர் ஒன்று, சிறியது ஒன்று, நடுவே செதில் வைத்த குழாய். ஒரே சிலிண்டரில் அழுத்தினால் ஆகாதா? ஆகும், கரண்ட் பில் எகிறும்.

அழுத்தினால் காற்று சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பைத் தொட்டவருக்குத் தெரியும். சூடான காற்று விரியப் பார்க்கும். அதை மேலும் அமுக்கக் கூடுதல் வேலை தேவை.

35 டிகிரிக் காற்றை 1 பாரிலிருந்து 9 பாருக்கு (மானி 8 என்றுதான் காட்டும், வளிமண்டலத்தின் 1 பார் அதன் கணக்கில் வராது) ஒரே மூச்சில், வெப்பம் வெளியேறாமல் அழுத்தினால் முடிவில் சுமார் 304 டிகிரி. வேலை, கிலோவுக்கு 270 கிலோஜூல்.

3 பாரில் நிறுத்தி, அந்தச் செதில் குழாயில் மறுபடி 35க்கு ஆறவிட்டு அழுத்தினால் வேலை கட்டத்துக்கு 114, மொத்தம் 228. ஏன் 3? ஒன்பதின் வர்க்கமூலம் அது. இரு கட்டங்களின் விகிதமும் சமமானால்தான் வேலை மிகக் குறைவு. ஆறிய காற்றின் கன அளவு மூன்றில் ஒரு பங்கு. இரண்டாம் சிலிண்டர் சிறுத்திருப்பது அதனால்தான்.

நிஜத்தில் காற்று 35க்கு முழுதாக இறங்காது. செதிலில் எண்ணெயும் தூசியும் அப்பினால் லாபம் இன்னும் கரையும். எத்தனை கட்டம் சேர்த்தாலும் வேலை 194க்குக் கீழே போகவே முடியாது. வெப்பநிலை மாறாமல் அழுத்தும்போது கிடைக்கும் எல்லை அது.