நுரையீரலில் 'கட்டி' என்றால் கேன்சர்தானா? ஊசி பயாப்ஸி பற்றி தெரிந்துகொள்ள வேண்டியவை

கடம்பத்தூரில் இருந்து தினமும் காக்களூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் 45 வயது தொழிலாளி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதமாக இருமல், எடையும் குறைகிறது. சளிப் பரிசோதனையில் காசநோய் கிருமி தெரியவில்லை. சி.டி. ஸ்கேனிலோ வலது நுரையீரலில் கட்டி போல ஒரு நிழல். "பயாப்ஸி எடுக்கணும்" என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும்.

ஆனால் பயாப்ஸி என்றாலே கேன்சர் என்று அர்த்தம் இல்லை. காசநோய், பூஞ்சைத் தொற்று, ஆறாத நிமோனியா, சிலிக்கா தூசு படிந்து உண்டாகும் தழும்பு எல்லாமே ஸ்கேனில் கேன்சர் மாதிரி வேஷம் போடக்கூடியவை. இன்னொரு தகவல்: 1883-ல் ஜெர்மனி மருத்துவர் லைடன் நுரையீரலுக்குள் முதன்முதலில் ஊசி செலுத்தியதே நிமோனியா கிருமியைக் கண்டுபிடிக்கத்தான்.

எப்படி எடுக்கிறார்கள்?

சி.டி. மேஜையில் படுக்க வைத்து, கட்டி இருக்கும் இடத்தை ஸ்கேனில் குறிப்பார்கள். அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி. பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசியை செலுத்தி, நூல் துண்டு அளவுக்கு சதையை எடுப்பார்கள். "மூச்சை அடக்குங்க" என்றால் அடக்க வேண்டும், அசையக் கூடாது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ரிஸ்க் இல்லாமல் இல்லை. நுரையீரலைச் சுற்றி காற்று கசிந்து தேங்குவதுதான் அடிக்கடி நடப்பது. பலருக்கு அது தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் நெஞ்சில் குழாய் வைக்க வேண்டிவரும். சளியில் கொஞ்சம் ரத்தம் வரலாம். வீடு திரும்பிய பிறகு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"குத்தினா பரவிடும்" என்ற பயமும் உண்டு. கேன்சரிலேயே ஊசி போன தடத்தில் நோய் பரவுவது மிக மிக அரிது.

'கேன்சர் இல்லை' என்று வந்தால்?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அந்த ரிப்போர்ட்டோடு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கேன்சர் இல்லை என்றால் வேறு என்ன என்பதற்குப் பதில் வேண்டாமா? ஊசி குறி தவறியிருக்கலாம், எடுத்த சதை போதாமல் இருக்கலாம். சில நேரம் மறுபடியும் எடுக்க வேண்டிவரும்.

எடுத்த சதை எந்த பாட்டிலில் போகிறது என்பதும் முக்கியம். மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஃபார்மலினில் போடுவார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அதன்பிறகு கல்ச்சர் செய்ய வழியே இல்லை. கல்ச்சர் இருந்தால்தான் காசநோய்க்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று முழுமையாகத் தெரியும். அதனால் ஒரு பகுதியை ஃபார்மலின் கலக்காமல் சலைனில் தனியாக அனுப்ப வேண்டும். "டி.பி. கல்ச்சருக்கும் அனுப்புறீங்களா?" என்று ஊசி போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம்கூட ஆகலாம்.

வேலையைச் சொல்லுங்கள்

வார்ப்பாலை மணல், கல் உடைப்பு, சாண்ட் பிளாஸ்டிங் வேலை பார்த்தவர்கள், எத்தனை வருடம் பார்த்தார்கள் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிலிக்கோசிஸ் நோயை பெரும்பாலும் இந்த வேலை விவரமும் எக்ஸ்ரேவும் சேர்ந்தே காட்டிக்கொடுத்துவிடும், ஊசியே தேவைப்படாமல் போகலாம். சிலிக்கோசிஸ் வந்தவர்களுக்கு காசநோய் வரும் ஆபத்தும் அதிகம். சட்டப்படி அரசுக்கு கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் இது. இழப்பீடு கேட்கவும் நோயின் பெயர் ரிப்போர்ட்டில் இருந்தாக வேண்டும்.

நுரையீரல் முழுக்கப் பரவிய தழும்பு நோய்களுக்கு இந்த ஊசியில் வரும் சதை போதாது. அதற்கு வேறு முறைகள் இருக்கின்றன.

கடம்பத்தூரில் இருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. தாம்பரம் சானடோரியத்தில் 1928-ல் தொடங்கிய அரசு நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது. வேறு இடத்தில் பயாப்ஸி எடுத்திருந்தால் ஸ்கேன் சி.டி., ரிப்போர்ட், ஸ்லைடு, மெழுகு பிளாக் நான்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.