கணக்கைச் சத்தமாப் படிச்சாங்க!



ஒரு சின்னக் கணக்கு. பத்து நாள் வெயிலில் நின்று மண் வெட்டுகிறீர்கள். கூலி வாங்கப் போனால் ஆறு நாளுக்குத்தான் காசு. ஏங்க என்று கேட்டால், "பதிவேட்டில் அப்படித்தான் இருக்கு" என்கிறார்கள். சரி, பதிவேட்டைக் காட்டுங்க என்றால், "அது ரகசியம், காட்ட முடியாது!" இப்போ என்ன செய்வீங்க?

ராஜஸ்தான் மாநிலத்தில் மழை பொய்த்த கிராமங்களில் இது நிஜமாகவே நடந்தது. வறட்சிக் காலத்தில் குளம் வெட்ட, ரோடு போட அரசாங்கம் பணம் அனுப்பும். வேலை செய்தவர்களுக்குப் பாதிக் கூலி, சில ஊரில் அதுவும் இல்லை. 1987ல் அங்கே தேவ்டூங்ரி என்ற சிற்றூரில் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் குடியேறினார்கள். அருணா ராய் நம்ம சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்தவர். சங்கர் சிங் பொம்மலாட்டத்தில் கெட்டிக்காரர். ஊர் மக்களோடு சேர்ந்து 1990 மே 1 அன்று 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தொழிலாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு என்று அர்த்தம்.

அவர்கள் கண்டுபிடித்த வழிக்குப் பெயர் 'ஜன் சுன்வாய்'. தமிழில் மக்கள் விசாரணை எனலாம். முதல் விசாரணை 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா என்ற ஊரில் நடந்தது.

எப்படி நடத்தினாங்க தெரியுமா? ரொம்ப எளிமைதான். முதலில் எப்படியாவது பஞ்சாயத்துக் கணக்கின் நகலை வாங்குவது. பிறகு வீடு வீடாகப் போய், "உன் பேர் இதில் இருக்கு, நீ வேலைக்குப் போனியா? எத்தனை நாள்? கைக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்பது. கடைசியில் திறந்த வெளியில் ஒரு பந்தல், ஒரு மைக். வெளியூரிலிருந்து வந்த சிலர் நடுவராக உட்காருவார்கள். அதிகாரிகளையும் பஞ்சாயத்துத் தலைவரையும் கூப்பிடுவார்கள். அவங்க தரப்பைச் சொல்லவும் இடம் உண்டு. ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு பில்லாகச் சத்தமாகப் படிப்பார்கள்.

அப்போதுதான் குட்டு உடைந்தது. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி! முடியாத கட்டடம் தாளில் முடிந்துபோயிருந்தது! கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாக்கள்கூட எழுந்து மைக்கில் பேசினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஒரு ஆளுக்குத் தன் வேலை நாள் மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு தெரியாது. அதிகாரியிடம் இருக்கும் தாளில் மொத்தக் கணக்கும் இருக்கு, ஆனால் அது உண்மையா என்று அந்தத் தாளுக்குத் தெரியாதே! ஆளுக்கு ஒரு துண்டாகக் கிடந்த உண்மையை ஒரே பந்தலுக்குக் கீழே ஒட்டவைத்தால்தான் முழுப் படம் வருது. தனியாகப் போய்ப் புகார் கொடுத்தவரை மிரட்டி அனுப்பிவிடலாம். நானூறு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது மிரட்ட முடியுமா? படிக்காதவர்கள் ஒரு கணக்கைத் தணிக்கை செய்தார்கள் என்றால் அது இப்படித்தான் முடிந்தது. நிபுணர் யாராவது தனியாக வந்து உட்கார்ந்திருந்தால் பாதிகூடக் கண்டுபிடித்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

ஆனால் நகல் கிடைப்பதுதான் பெரும்பாடு. நகல் தருவோம் என்று 1995ல் அந்த மாநில முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். ஒரு வருஷம் ஆகியும் உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தில் மக்கள் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். 40 நாள்! கிராமத்து ஜனங்கள் தானியம் கொண்டுவந்து கொடுத்தார்கள், நகரத்துக் கடைக்காரர்கள் உதவினார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பதுதான் அவர்கள் கோஷம். 1998ல் நடந்த விசாரணைகளுக்குப் பிறகு சில பஞ்சாயத்துத் தலைவர்கள் எடுத்த பணத்தை ஊர் முன்னாலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்தப் போராட்டம் நாடு முழுக்கப் பரவி, 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. (தமிழ்நாட்டில் 1997லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது, ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம்.) மத்திய அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுக்கலாம். 30 நாளுக்குள் பதில் தரணும். அதே 2005ல் வந்த, நாம் 'நூறு நாள் வேலை' என்று சொன்ன சட்டத்தில் கிராம சபையே கணக்கைச் சரிபார்க்கும் 'சமூகத் தணிக்கை'யும் சேர்ந்தது. பந்தலில் தொடங்கியது சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நினைக்காதீங்க. குஜராத்தில் சட்டவிரோதச் சுரங்கங்கள் பற்றித் தகவல் கேட்டுவந்த அமித் ஜேத்வா 2010ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பந்தலில் பேசியவரும் மறுநாள் அதே ஊரில்தான் நடமாடணும். அதனால்தான் தனியாக ஒருவரைப் பேசவிடாமல் ஊரோடு சேர்ந்து பேசும் முறையை அவர்கள் விடவே இல்லை.

நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுது. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வைக்கணும். 18 வயது ஆகாததால் நமக்கு இன்னும் ஓட்டு இல்லை, உறுப்பினராக முடியாது. ஆனால் அம்மா அப்பா உறுப்பினர்கள்தான். போன கூட்டத்தில் என்ன கணக்கு படிச்சாங்க என்று இன்று சாயந்திரம் வீட்டில் கேட்டுப் பாருங்களேன். "தெரியலையே" என்று பதில் வந்தால், அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று மேலே இருக்கு, சொல்லிடுங்க.

— 11ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு