மண்ணுக்குள்ளிருந்து ஓர் ஒலி

நுழையும்முன்

மண்ணுக்கடியில் கிடக்கும் உலோகத்தை மேலிருந்தே அறிந்து சொல்லும் கருவியை இன்று எவரும் கடையில் வாங்கலாம். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கானோர் விடுமுறை நாள்களில் அதனை ஏந்தி வயல்வெளிகளில் நடக்கின்றனர். அவர்கள் கையில் சிக்குவது துருப்பிடித்த ஆணியாகவும் இருக்கலாம். வரலாற்றைத் திருத்தி எழுதச்செய்யும் புதையலாகவும் இருக்கலாம். அக்கருவி இயங்கும் முறையையும், அதனைக் கையாள்வோருக்கு வகுக்கப்பட்ட விதிகள் எதனைக் காக்க முயல்கின்றன என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

சுத்தியலைத் தேடியவர்

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் உழவர் ஒருவர் தம் வயலில் சுத்தியல் ஒன்றைத் தொலைத்துவிட்டார். அதனைத் தேடித்தருமாறு எரிக் லாஸ் என்னும் நண்பரை அழைத்தார். ஓய்வுபெற்ற தோட்டக்காரரான லாஸ், உலோகம் கண்டறியும் கருவியைப் பொழுதுபோக்காகக் கையாண்டுவந்தவர். 1992ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அவர் வயலில் நடந்தபோது கருவி வலுவாக ஒலித்தது. தோண்டிய இடத்தில் சுத்தியல் இல்லை. வெள்ளிக் கரண்டிகளும் காசுகளும் வெளிவந்தன.

அவற்றுள் ஒரு பகுதியை எடுத்த பின்னர், குழிக்குள் இன்னும் ஏராளமாக இருப்பதை உணர்ந்த லாஸ் தோண்டுவதை நிறுத்திக்கொண்டார். அவரும் உழவரும் காவல்துறைக்கும் நிலத்தின் உரிமையாளரான மாவட்ட மன்றத்துக்கும் செய்தி அனுப்பினர். மறுநாளே தொல்லியலாளர் வந்து, திருட்டுக்கு இடங்கொடாதபடி ஒரே நாளில் அகழ்ந்து முடித்தனர். சில பகுதிகளை மண்ணோடு கட்டியாகவே பெயர்த்தெடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுசென்றனர். 569 பொற்காசுகள் உட்பட 14,865 உரோமக் காசுகளும், பொன்னாலும் வெள்ளியாலுமான ஏறத்தாழ 200 பொருள்களும் அங்குக் கிடைத்தன. லாஸுக்கு 17.5 இலட்சம் பவுண்டு வெகுமதியாக வழங்கப்பெற்றது. அதில் அவர் உழவருக்கும் பங்களித்தார். அன்றைய சட்டம் அவ்வாறு பங்கிடவேண்டும் எனக் கட்டாயப்படுத்தவில்லை. தொலைந்த சுத்தியலும் அகழாய்வில் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றுள்ளது.

கருவியின் இயக்கம்

உலோகம் கண்டறியும் கருவியின் வரலாறு ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1881ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு துப்பாக்கியால் சுடப்பட்டார். உடலுள் தங்கிய குண்டு எங்குள்ளது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், கம்பிச்சுருள்களைக் கொண்டு ஒரு கருவியை உருவாக்கி, குண்டின் இடத்தை அறிய முயன்றார். முயற்சி பலிக்கவில்லை, குடியரசுத் தலைவரும் உயிர்பிழைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டுப் படைப்பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி, கண்ணிவெடிகளைக் கண்டறிய ஒருவர் சுமந்து செல்லத்தக்க கருவியை வடிவமைத்தார். 1942இல் நிகழ்ந்த எல் அலமெய்ன் போரில் அது பயன்பட்டது. போர் முடிந்தபின் எஞ்சிய கண்ணிவெடிக் கருவிகள் பொதுமக்களின் கைக்கு வந்தன. பொழுதுபோக்குத் தேடல் அவ்வாறு தொடங்கி, 1970களில் பெருகியது.

இன்றைய கருவிகளும் பெல் கையாண்ட மின்காந்தத் தூண்டல் தத்துவத்தின்படியே இயங்குகின்றன. நீண்ட தண்டின் அடிமுனையில் தட்டு வடிவில் கம்பிச்சுருள்கள் அமைந்திருக்கும். ஒரு சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது அதனைச் சுற்றி மாறும் காந்தப்புலம் உருவாகி மண்ணுக்குள் ஊடுருவுகிறது. அப்புலத்தில் உலோகம் ஒன்று அகப்பட்டால் அதனுள் சுழல் மின்னோட்டம் தோன்றுகிறது. அம்மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மற்றொரு சுருள் அதனை உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையிலான கட்ட வேறுபாட்டைக் கணக்கிட்டு, கிடப்பது இரும்பா, செம்பா, வெள்ளியா எனக் கருவி ஓரளவு ஊகிக்கும்.

ஓரளவுதான் என்பதை வலியுறுத்த வேண்டும். மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பான டப்பாவின் அலுமினிய வளையமும் பெரும்பாலும் ஒரே வகையான குறிப்பையே தருகின்றன. குப்பையைத் தவிர்க்க எண்ணி அலுமினியத்தின் ஒலியை அடைத்துவிடுபவர் தங்கத்தையும் இழக்கக்கூடும். உப்புநீர் ஊறிய கடற்கரை மணலில் இவ்வகைக் கருவிகள் தடுமாறும். அங்கே விட்டுவிட்டு வலுவான துடிப்புகளை அனுப்பும் வேறுவகைக் கருவி ஏற்றது. அது ஆழமாகத் தேடும். ஆயின் உலோகங்களைப் பிரித்தறிவதில் பின்தங்கியது.

ஆழத்தின் எல்லையே இக்கருவிகளைப் பற்றி அறியவேண்டிய முதன்மையான செய்தி. ஒற்றைக் காசு போன்ற சிறு பொருளைப் பெரும்பாலான கருவிகள் ஏறத்தாழ 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் வரையே உணரும். ஏர் உழும் ஆழமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே தேடுவோர் எடுக்கும் பொருள்களில் பெரும்பாலானவை உழவினால் முன்னரே இடம்பெயர்ந்தவை. உழுமண்ணுக்குக் கீழே உள்ள அடுக்குகளோ பல நூற்றாண்டுகளாகக் கலையாமல் கிடப்பவை.

பொருளும் இடமும்

கலையாத அடுக்கு ஏன் மதிப்புடையது? ஹாக்ஸன் அகழாய்வே அதற்கு விடை தருகிறது. புதையல் மரப்பெட்டி ஒன்றுக்குள் அடுக்கப்பட்டிருந்தது. பெட்டியின் மரம் மக்கிப்போயிருந்தும் அதன் வடிவை அறிஞர்களால் மீட்டறிய முடிந்தது. உள்ளே சிறு பெட்டிகள் இருந்தன என்பதும், அவற்றுக்கு வெள்ளிப் பூட்டுகள் இருந்தன என்பதும், கலங்கள் நசுங்காதிருக்க வைக்கோலும் துணியும் இடையில் வைக்கப்பட்டிருந்தன என்பதும் தெரியவந்தன. அச்சத்தில் அள்ளியெறிந்த செல்வமன்று. நிதானமாகக் கட்டிவைக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் உடைமை. காசுகளுள் மிகப் பிந்தியவை கி.பி. 407-408ஐச் சார்ந்தவையாதலின், பிரிட்டனில் உரோம ஆட்சி முடிவுற்ற காலத்தையொட்டி அது புதைக்கப்பட்டது எனத் துணியலாம். லாஸ் அனைத்தையும் பைகளில் அள்ளிச் சென்றிருந்தாலும் பொன் பொன்னாகவே இருந்திருக்கும், இச்செய்திகள் எஞ்சியிரா.

அப்பெட்டியில் மிளகுத்தூள் தூவும் வெள்ளிச் சிமிழ்கள் நான்கு இருந்தன. அவற்றுள் ஒன்று அரசியின் தோற்றமுடைய பெண்ணுருவாக வடிக்கப்பட்டது. உரோமர்க்கு மிளகு இந்தியாவிலிருந்தே சென்றது. முசிறித் துறைமுகத்தில் யவனர் மிளகு கொண்டதைச் சங்கப் பாடல்கள் குறிப்பிடுகின்றன. சேரநாட்டுக் கொடியில் காய்த்த மிளகின் பயணத்தில் சஃபோக் வயல்கூட ஒரு தொலைதூர எல்லையாக இருந்திருக்கலாம்.

மிளகுக்கு விலையாக வந்த உரோமக் காசுகள் தென்னிந்தியாவில் பல இடங்களில் கிடைத்துள்ளன. 1898ஆம் ஆண்டளவில் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளின் தொகுதி அவற்றுள் புகழ்பெற்றது. அக்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை உளியால் கீறப்பட்டுள்ளது. காசு ஒன்றை மட்டும் கண்டவர் அதனை எவரோ செய்த சேதம் என்றே கருதியிருப்பார். தொகுதி ஒன்றாக ஆராயப்பட்டதால்தான் அது திட்டமிட்ட செயல் என்பது விளங்கியது. அவை மீண்டும் நாணயமாகப் புழங்காதவாறு செய்யப்பட்ட ஏற்பாடு என்பது அறிஞர் சிலர் கருத்து.

விதிகள்

இங்கிலாந்தில் தேடுவோர் பின்பற்றவேண்டிய முதல் விதி எளியது: நிலத்துக்குரியவரின் இசைவின்றி எவரும் தேடலாகாது. இசைவு எழுத்தில் இருத்தல் நன்று. கிடைப்பதை எவ்வாறு பங்கிடுவது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்வர். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் அமைந்துள்ள நிலமாயின் உரியவரின் இசைவு மட்டும் போதாது. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கு அரசின் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம்.

புதையலுக்கென 1996இல் இயற்றப்பட்ட சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, ஒரு பொருளை மீண்டும் எடுக்கும் எண்ணத்துடன் புதைத்தார்களா, தவறவிட்டார்களா என்று நீதிமன்றம் ஆராயவேண்டியிருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவரின் எண்ணத்தை யார் அறிவார்? புதிய சட்டம் அக்கேள்வியைப் பெரிதும் விலக்கிவிட்டு, காலத்தையும் உலோகத்தையும் அளவுகோலாகக் கொண்டது. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாய், எடையில் பத்தில் ஒரு பங்கேனும் பொன்னோ வெள்ளியோ கொண்ட பொருள் புதையலாகும். காசாயின் ஒன்று போதாது. ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்திருக்க வேண்டும். புதையலைக் கண்டெடுத்தவர் 14 நாள்களுக்குள் அப்பகுதியின் கரோனர் என்னும் விசாரணை அலுவலருக்குத் தெரிவிக்கவேண்டும். தவறினால் மூன்று திங்கள் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அருங்காட்சியகம் அதனைப் பெற விரும்பினால் வல்லுநர் குழு விலை மதிப்பிடும். அத்தொகை வழக்கமாகக் கண்டவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பகிர்ந்தளிக்கப்படும்.

புதையல் எனும் வரையறைக்குள் வாராத சிறு பொருள்களை, அதாவது உடைந்த கொக்கிகளையும் பொத்தான்களையும் ஒற்றைக் காசுகளையும், பதிவுசெய்வதற்கும் ஓர் அமைப்பு உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் அத்திட்டத்தில் பதிவுசெய்வது கட்டாயமில்லை. எனினும் 1997 முதல் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியுள்ளன. அவற்றின் இடங்களை நிலப்படத்தில் குறித்தபோது, எவரும் அறியாத உரோமர்காலக் குடியிருப்புகள் பல புலப்பட்டன. ஆகையால் நன்னெறிக் கோவை தேடுவோருக்கு உழுமண்ணுக்குக் கீழே தோண்டாதிருக்கவும், கிடைத்த இடத்தை ஜி.பி.எஸ். கொண்டு குறித்துக்கொள்ளவும், குழியை மூடவும் அறிவுறுத்துகிறது. கால்நடைகள் வெளியேறாதபடி வயலின் வாயிலைச் சாத்திவரும்படியும், வெடிக்காத குண்டு தென்பட்டால் தொடாமல் தெரிவிக்கும்படியும் அது கூறுகிறது.

இவ்விதிகள் நாடுதோறும் ஒன்றல்ல. ஸ்காட்லாந்தில் பொன்னாயினும் களிமண் ஓடாயினும் கண்டெடுத்த தொல்பொருள் எதுவாயினும் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும். அயர்லாந்துக் குடியரசில் அனுமதியின்றிக் கருவிகொண்டு தொல்பொருள் தேடுவதே சட்டத்துக்குப் புறம்பானது.

சட்டத்தில் ஓர் ஓட்டை

2010ஆம் ஆண்டு கம்பிரியா மாவட்டத்தின் கிராஸ்பி காரெட் என்னும் ஊரில் உரோமக் குதிரைவீரனின் முகமூடியுடன் கூடிய தலைக்கவசம் கிடைத்தது. இளைஞனின் அழகிய முகம் வார்க்கப்பெற்ற அரிய பொருள் அது. ஆனால் அது செம்புக் கலவையால் ஆனது; தனித்துக் கிடைத்தது. எனவே சட்டப்படி அது புதையல் இல்லை. துண்டுகளாகக் கிடைத்ததை விரிவான ஆய்வு நடக்கும் முன்பே ஏலத்துக்காக ஒட்டிச் சீரமைத்துவிட்டனர். அருகிலிருந்த கார்லைல் நகர அருங்காட்சியகம் பொதுமக்களிடம் நிதி திரட்டியும், 22 இலட்சம் பவுண்டுக்கும் மேலான விலைக்குப் பெயர் வெளியிடாத ஒருவர் அதனை வாங்கிவிட்டார். இங்கு எவரும் சட்டத்தை மீறவில்லை என்பதைக் கருதவேண்டும். குறை சட்டத்திலேயே இருந்தது. 2023இல்தான், 200 ஆண்டுகளுக்கு மேற்பட்டு வரலாற்றுச் சிறப்புடைய பொருள்கள் எவ்வுலோகத்தால் ஆயினும் புதையலாகக் கொள்ளப்படும் எனச் சட்டம் விரிவாக்கப்பட்டது.

மறைத்தவர்கள்

ஹெரிஃபோர்டுஷயர் மாவட்டத்தில் 2015இல் நிகழ்ந்தது வேறு வகை. இருவர் அங்குள்ள வயலில் வைக்கிங் காலப் புதையல் ஒன்றைக் கண்டனர். பொற்காப்பு, மோதிரம், பொன் கட்டிய பளிங்குக் குண்டு ஆகியவற்றோடு ஏறத்தாழ 300 வெள்ளிக் காசுகள் இருந்ததாகக் கணிக்கப்படுகிறது. நிலத்துக்குரியவருக்கும் அரசுக்கும் தெரிவிக்காமல் அவர்கள் காசுகளை விற்கத் தொடங்கினர். கைப்பேசியில் எடுத்து அழித்த படங்களைக் காவல்துறை மீட்டது. 2019இல் திருட்டு, கூட்டுச்சதி ஆகிய குற்றங்களுக்காக அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உரிய நாளில் தெரிவித்திருந்தால் பெருந்தொகையில் அவர்களுக்கும் பங்கு கிடைத்திருக்கும்.

வழக்கு விசாரணைக்குள் மீட்கப்பட்ட காசுகள் முப்பது அளவினவே. அவற்றுள் சிலவற்றில் வெசெக்ஸ் மன்னன் ஆல்ஃபிரடும் மெர்சியா மன்னன் இரண்டாம் செயோல்வுல்ஃபும் அருகருகே அமர்ந்துள்ளனர். செயோல்வுல்ஃபைப் பகைவரின் கைப்பாவை என்றே பிற்காலத்து ஆல்ஃபிரடின் தரப்பினர் எழுதிவைத்தனர். இருவரும் இணையாக ஆண்ட கூட்டாளிகள் என்று காசு சொல்கிறது. மற்றக் காசுகள் என்ன சொல்லியிருக்கும் என்பதை அறிய வழியில்லாமற்போயிற்று.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் புதையலுக்கான சட்டம் 1878ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. மண்ணில் மறைந்துகிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய எதனைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துவழித் தெரிவிக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். பத்து ரூபாய் அன்று பெருந்தொகை. இன்று ஏறத்தாழ எல்லாப் பொருளும் அவ்வரம்புக்குள் அடங்கிவிடும். கருவி ஏந்தித் தேடுவோரைக் காட்டிலும், வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவோரும் கிணறு வெட்டுவோரும் ஏர் உழுவோருமே இந்நாட்டில் சிலைகளையும் காசுகளையும் மிகுதியாகக் காண்கின்றனர். அத்தகையோர் பொருளைத் தேய்த்துக் கழுவாமலும் கிடந்த இடத்தை மேலும் கிளறாமலும் கிராம நிருவாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவிக்கலாம். செய்தி ஆட்சியரைச் சென்றடையும். அவ்வறிவிப்பில் பொருளின் தன்மை, அளவு, கிடைத்த நாள் ஆகியவற்றோடு கிடைத்த இடத்தையும் குறிப்பிட வேண்டும்.