சாரதிமாரின் கணக்கு

எரிபொருளின் விலை ஏறிற்றென்றால் பத்திரிகைகள் மசகெண்ணெய்ச் சந்தையைப் பற்றியும் டொலரின் பெறுமதியைப் பற்றியும் எழுதும். பொருளியல் கற்றோர் வரைபடங்களை விரிப்பர். அமைச்சர்கள் அறிக்கை விடுவர். வண்டியின் கைபிடியைப் பிடித்திருப்பவன் அன்று என்ன செய்கிறான், மறுநாள் என்ன செய்கிறான் என்பதை எவரும் விரித்தெழுதக் காணோம். அவன் பேசுவதெல்லாம் சந்தியில் நின்று பேசும் பேச்சு, காற்றோடு போய்விடும். யாழ்ப்பாணத்தில் ஆசிரியத் தொழில் பார்த்து, வாழ்நாளிற் பெரும்பங்கை வாடகைக் கார்களிலும் மினி பஸ்களிலும் ஓட்டோக்களிலும் கழித்தவன் என்ற முறையில், அந்தப் பேச்சிற் சிறிதையாவது எழுதிவைக்கலாமென எண்ணுகிறேன்.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். அதற்கு முந்திய டிசம்பரில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்றது. மார்ச்சில் அது 254 ஆயிற்று, ஏப்பிரலில் 338, மே மாதத்தில் 420, ஜூன் முடிவில் 470. டீசல் இன்னும் மோசம்: 121 ரூபாவிலிருந்து 460 ரூபாவுக்குப் போயிற்று. காரணங்களை நீட்டியுரைக்க இங்கு இடமில்லை. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போயிருந்தது. மார்ச்சில் கட்டவிழ்த்துவிடப்பட்ட ரூபா சரிந்தது. உக்கிரேன் யுத்தத்தினால் உலகச் சந்தையிலும் எண்ணெய் விலை உயர்ந்திருந்தது. சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையமோ மசகெண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் 2021 நவம்பரிலேயே ஒருமுறை மூடப்பட்டது.

எங்கள் சந்தியில் வாகை மரநிழலில் ஏழெட்டு ஓட்டோக்கள் நிற்பதுண்டு. அவற்றுள் ஒன்றின் சாரதி என்னிடம் எட்டாம் வகுப்பிற் படித்தவர். கணிதமென்றால் வகுப்புக்குப் பின்வரிசையைத் தேடுபவர். விலை 470ஐத் தொட்ட வாரத்தில் அவர் எனக்குச் சொல்லிய கணக்கை எந்த ஆசிரியரும் கரும்பலகையில் எழுதலாம். அவருடைய வண்டி லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும். 177 ரூபாக் காலத்தில் ஒரு கிலோமீற்றருக்கு எண்ணெய்ச் செலவு ஏழு ரூபா. 470 ரூபாக் காலத்தில் ஏறக்குறையப் பத்தொன்பது. ஆயினும் ஹயர் போகும் ஓட்டோ பெரும்பாலும் வெறுமையாகவே திரும்புகிறது. நான்கு கிலோமீற்றருக்கு ஒருவரை ஏற்றிச் சென்றால் வண்டி ஓடுவது எட்டுக் கிலோமீற்றர். அந்த எட்டுக் கிலோமீற்றருக்கு முன்பு 57 ரூபா எரிந்தது. அப்போது 150 ரூபா எரிந்தது.

“சனம் தான் போற தூரத்தைத்தான் எண்ணுது, மாஸ்ரர். நான் வாற தூரத்தையும் எண்ணவேணுமெல்லோ” என்றார்.

ஓட்டோக்காரர் கூடக் கேட்கிறாரென்று பயணி முறைப்பதற்கும், பயணி நியாயம் தெரியாதவரென்று ஓட்டோக்காரர் முணுமுணுப்பதற்கும் அடியிற் கிடப்பது இந்தத் திரும்பும் தூரமே. எங்கள் பகுதியில் மீற்றர் போட்டு ஓடும் வழக்கம் அப்போது அருமை. கட்டணம் வாய்ப்பேச்சில் தீர்வது. முகம் தெரிந்தவரிடம் ஒரு தொகை, தெரியாதவரிடம் வேறொரு தொகை, வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் மூன்றாவதொரு தொகை. விலையேற்றம் முதலிற் குலைத்தது இந்த முகத்தாட்சணியத்தைத்தான். “உங்களிட்ட எப்பிடி அண்ணை கேக்கிறது” என்று இருபது ஆண்டுகளாகத் தலையைச் சொறிந்தவர், அந்த ஆண்டு நேராகத் தொகையைச் சொல்லப் பழகிக்கொண்டார். கேட்டவருக்கும் அதிற் சங்கடம். சொன்னவருக்கு அதைவிடச் சங்கடம்.

சிக்கனத்துக்கு அவர்கள் கையாண்ட வழிகள் பல. சவாரி தேடித் தெருத்தெருவாகச் சுற்றுவதை விட்டு, மரத்தடியில் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருந்தனர். தனித்தனியே பள்ளிக்கூடம் போன நான்கு வீட்டுப் பிள்ளைகளை ஒரே வண்டியில் அடைத்தனர். சந்தைக்குப் போகும் இரு பெண்களை நேரம் ஒத்துப்போகச் செய்து சேர்த்து ஏற்றினர். டயர்க் காற்றைக் குறையவிடாமற் பார்த்தனர். காற்றுக் குறைந்த சில்லு எண்ணெயைக் குடிக்கும் என்பதை முன்பும் அறிந்திருந்தார்கள், அப்போதுதான் பொருட்படுத்தினார்கள். மலைநாட்டுச் சாரதிமார் இறக்கத்தில் கியரைக் கழற்றி வண்டியை உருளவிட்டுச் சிக்கனம் பிடிப்பதுண்டு, ஆபத்தான வேலை. யாழ்ப்பாணத்துச் சாரதிக்கு அந்த ஆபத்துக்கூட வாய்க்கவில்லை. பருத்தித்துறை தொடக்கம் பண்ணைவரை தேடினாலும் உருளுவதற்கு ஓர் இறக்கம் அகப்படாது.

தனியார் பஸ்களின் கதை வேறு. பஸ்ஸின் குறைந்த கட்டணம் 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்து ஜூலையில் 40 ரூபாவாயிற்று. டீசல் கிட்டத்தட்ட நான்கு மடங்காக, கட்டணம் இரண்டரை மடங்கைக்கூட எட்டவில்லை. இடைவெளியை நிரப்பியவர் பயணிகள்தாம்: மூன்று நடைக்கு ஏறவேண்டியவர்கள் ஒரே நடையில் ஏறினார்கள். மிதிபலகையில் தொங்கியபடி பாடசாலைக்கு வந்த ஆசிரியர்களை நான் அறிவேன். ஜூன் மாதத்தில் நகர்ப்புறப் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னரே அவர்களுக்குச் சிறிது மூச்சு வந்தது. பலர் பழைய சைக்கிளைத் தூசி தட்டினர். சைக்கிள் வாங்கச் சென்றவர்களோ அதன் விலையைக் கேட்டுத் திரும்பினர்.

இவ்விடத்தில் எம்மவர்க்கு ஒரு பழைய பாடம் நினைவுக்கு வந்திருக்கும். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின், வடக்கிற்குப் பெற்றோலும் டீசலும் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டான அளவில் வந்து, தென்னிலங்கை விலையினும் பன்மடங்குக்கு விற்றது. பெற்றோல், தெருவோரத்திற் போத்தல்களில் அடைத்து மருந்துபோல விற்கப்பட்டது. புதிய ஜப்பான் கார்கள் கொட்டிலில் உறங்க, ஒஸ்ரின் ஏ-40களும் சோமசெற்களும் மொறிஸ் மைனர்களும் இளைப்பாறிய உத்தியோகத்தர்களை மீளவும் வேலைக்கு அழைத்ததுபோல வீதிக்கு வந்தன.

கிழவிகள் ஓடக் குமரிகள் படுத்ததற்குக் காரணம் உண்டு. 1940களின் பிற்கூற்றிலும் 1950களிலும் இங்கிலாந்திற் செய்யப்பட்ட அக்கார்களின் இயந்திரங்களில் அமுக்க விகிதம் தாழ்வானது. ஏழின் அளவில் நிற்பது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண்ணோ மிகக் குறைவு. அமுக்கம் கூடிய இயந்திரத்தில் அதை விட்டால், தீ ஒழுங்காகப் பரவுமுன்னரே கலவை தானாக வெடித்துச் சுத்தியலால் அடிப்பதுபோல இடிக்கும். பழைய இயந்திரம் இடியைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லை. குளிர்ந்த இயந்திரம் அதிற் கிளம்பாது. ஆகவே சேலைன் குழாயொன்றின் வழியாகக் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நிறுத்துமுன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றாவிட்டால் அடுத்தமுறை கிளப்புவது பெரும்பாடு. அதனால் நோயாளியை இறக்கும்போதும் இயந்திரத்தை நிறுத்தாமல், “கெதியா இறங்குங்கோ” என்று அவசரப்படுத்துவார்கள். பின்னே வெண்புகை ஊரை மூடும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி பிடிக்கும். வாரத்தில் இருமுறை கழற்றித் துடைக்க வேண்டும்.

இதை நமது கராஜ்காரர்களின் தனிக் கண்டுபிடிப்பாகச் சிலர் மார்தட்டுவதுண்டு. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடும் பேர்குசன் உழவு இயந்திரங்களை இங்கிலாந்தில் அதற்கு முன்னரே தொழிற்சாலையிலேயே செய்துவிட்டார்கள். எம்மவர் பெருமை, நூலும் உதிரிப்பாகமும் இன்றி, அதற்கென அமையாத காரில் அதனைச் செய்துகாட்டியதிலே உள்ளது. அது போதிய பெருமைதான்.

2022இல் அந்த வித்தையை நினைவுகூர்ந்தவர்கள் பலர். ஏனெனில் பெற்றோலும் டீசலும் நானூறைத் தாண்டியபின்பும் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாவிலேயே நின்றது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கண்டு டீசலோடு மண்ணெண்ணெயைக் கலக்காதிருக்க லொறிக்காரர் முனிவரல்லர். விளைவாக, ஏழை வீட்டு விளக்குக்கும் அடுப்புக்குமென விலை குறைத்து வைத்த எண்ணெய் ஏழைக்குக் கிட்டாது போயிற்று. ஓகஸ்ற் மாதத்தில் அரசாங்கம் அதை ஒரே இரவில் 340 ரூபா ஆக்கியது. கலப்பு நின்றிருக்கலாம். ஆனால் நமது கரையோரத்தில் கண்ணாடியிழைப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் ஓடுவது மண்ணெண்ணெயில். இருபது லீற்றர் ஊற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறவனின் எண்ணெய்ச் செலவு 1,740 ரூபாவிலிருந்து 6,800 ரூபாவாயிற்று. ஓட்டோக்காரர் பயணி ஏறியபின் எண்ணெயை எரிக்கிறார். கடற்றொழிலாளி எண்ணெயை எரித்தபின்பே மீன் உண்டா இல்லையா என்று அறிகிறார். விலையேற்றத்தைப் பற்றிப் பேசுவோர் இவரைச் சாரதிகளின் கணக்கிற் சேர்ப்பதில்லை. சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து. சிலர் ஆழங்குறைந்த கரைக்கடலில் துடுப்புக்குத் திரும்பினர். அப்படித் திரும்ப முடியாத ஆழ்கடற்காரர் படகைக் கரையில் ஏற்றிவைத்துக் கூலிவேலை தேடினர்.

இனி வரிசை. விலையைவிட வரிசையே பலரை வாட்டிற்று. மார்ச் மாதத்தில் நிரப்பு நிலையங்களுக்கு இராணுவம் அனுப்பப்பட்டது. நாட்டின் சில பகுதிகளில் முதியவர்கள் வரிசையில் நின்றபடியே உயிர் நீத்தனர். ஜூன் முடிவிலிருந்து சில நாட்களுக்கு அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் எண்ணெய் இல்லை என்றாயிற்று. ஓட்டோக்காரர் இயந்திரத்தைக் கிளப்பாமல் வண்டியைக் கையால் தள்ளித் தள்ளி முன்னேறுவார். வரிசையில் எண்ணெயை எரித்தால் எடுப்பதில் என்ன மிச்சம்? இரவில் மனைவி சோற்றுப் பார்சலோடு வந்து, கணவனைப் படுக்கவிட்டுத் தான் வண்டியில் இருப்பாள்.

ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. ஓட்டோவுக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர். என் மாணவர் உடனே கணக்கிட்டார்: 125 கிலோமீற்றர், நாளுக்குப் பதினெட்டுக்கும் குறைவு. இதை வைத்துத் தொழில் செய்ய முடியாதென்று கண்ட சிலர் தொழிலையே மாற்றிக்கொண்டார்கள். ஐந்து லீற்றரையும் எடுத்து, கறுப்புச் சந்தையிற் பல மடங்குக்கு விற்றுவிட்டு வீட்டில் இருந்தனர். ஓடாத வண்டி ஓடும் வண்டியைவிட அதிகம் உழைத்த விசித்திரம் அது. பத்திரிகைகள் அவர்களைத் திட்டின. எனக்கு முழுமனத்தோடு திட்ட முடியவில்லை. வண்டி லீசிங்கில் எடுத்தது. எண்ணெய் இல்லாத மாதத்திலும் தவணைக் காசு வாங்க ஆள் வருவான்.

என் மாணவரும் ஒருமுறை இரண்டு லீற்றர் விற்றார். அதை மறைக்காமற் சொன்னார். மிகுதியை அவர் செலவழித்த விதத்தையும் கூறவேண்டும். அவருடைய ஒழுங்கையில் சிறுநீரகம் பழுதான ஒருவர் இருந்தார். வாரத்திற்கு இருமுறை இரத்தம் சுத்திகரிக்கப் போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஒருவழித் தூரம் 11 கிலோமீற்றர். இறக்கிவிட்டு வீடு வந்து, மறுபடி ஏற்றப் போனால் ஒரு நாளைக்கு 44 கிலோமீற்றர், வாரத்துக்கு 88. காத்திருந்தால் அதில் பாதி. சுத்திகரிப்பு நான்கு மணி நேரம் பிடிக்கும். அந்த நான்கு மணி நேரமும் அவர் வைத்தியசாலை மதிலோரம் வண்டிக்குள் குந்தியிருந்தார். எண்ணெய்க் காசு மட்டும் வாங்கினார்.

“காத்திருக்கிறதுக்குக் காசு கேக்கேல்லையோ, தம்பி?” என்றேன்.

“என்ர நேரத்துக்கு அப்ப ஆர் மாஸ்ரர் விலை வைச்சது? பெற்றோலுக்குத்தானே விலை” என்றார்.

இவை தவிர, இருக்கைக்கு அடியில் அரைப் போத்தல் பெற்றோல் எப்போதும் வைத்திருந்தார். இரவில் எவருக்காவது பிரசவ வலி கண்டால், பாம்பு கடித்தால் எடுப்பதற்கு. ஒரு கலியாண வீட்டார் அதைக் கேட்டு வந்து, கொடுக்காததற்குக் கோபித்துப் போனார்கள், நெருங்கிய சொந்தக்காரர். நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

ஜூலை நடுப்பகுதியிலிருந்து விலை இறங்கத் தொடங்கியது. பெற்றோல் 450, ஒக்ரோபருக்குள் 370. பங்கீட்டு முறை 2023 செப்ரெம்பரில் நிறுத்தப்பட்டது. அப்போது பயணிகள் கேட்ட கேள்வி ஒன்றே: ஏற்றினதை ஏன் இறக்கவில்லை? நியாயமான கேள்வி. நானும் கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணினார்: டயர், இயந்திர எண்ணெய், பற்றறி, பிறேக், காப்புறுதி. பெற்றோலோடு ஏறிய இவற்றுள் ஒன்றும் பெற்றோலோடு இறங்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதனால் பழைய வண்டியின் பாகமும் பொன்விலை விற்றது. இது அவர் பக்கம். மறுபக்கமும் உண்டு: கூட்டிய கட்டணத்துக்கு வீடு பழகிவிட்டால் குறைக்க மனம் வராது, அது சாரதிக்கு மட்டும் உரிய குணமன்று, கடைக்காரருக்கும் ரியூசன் ஆசிரியருக்கும் பொது.

பேச்சு வளர்ந்து, கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மாதக் கட்டணத்தில் மட்டும் சிறிது குறைப்பதாக ஒத்துக்கொண்டார். மற்ற ஓட்டோக்காரருக்கு இது பிடிக்கவில்லை. “நீ குறைச்சா நாங்களும் குறைக்கவேணும்” என்று மரத்தடியில் இரண்டு நாட்கள் வாக்குவாதம் நடந்தது. மூன்றாம் நாள் அவர்களுள் மூவர் குறைத்தனர், ஏனையோர் குறைக்கவில்லை.